பெட்டியில் வரும் ஆப்பிளுக்கு ஆயிரம் கேள்வி, பையில் வரும் குச்சிக்கு ஒன்றுகூட இல்லையா?

மத்திய வேளாண் அமைச்சர் அவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து வரும் செடியிலும் பழத்திலும் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கும் தாவரத் தனிமைப்படுத்தல் பணியை அமைச்சகத்தில் கவனிக்கும் அதிகாரிகளுக்கும்,

பெங்களூரு அல்சூரில் பழக்கடை வைத்திருக்கிறேன். வாஷிங்டன் ஆப்பிள், சிலி கிவி, ஆஸ்திரேலியத் திராட்சை, எகிப்து ஆரஞ்சு என்று என் வருமானத்தில் பெரும்பகுதி வெளிநாட்டுப் பழத்தில்தான் வருகிறது. அந்த நான்தான் கேட்கிறேன், பழமும் காயும் செடியும் நாட்டுக்குள் வரும் வழிகளை இன்னும் கடுமையாகக் காவல் காக்க வேண்டும். எங்கள் குடும்பத்துக்குத் தர்மபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அண்ணன் அதில் மரவள்ளி போடுகிறார், கிணற்றில் தண்ணீர் நிற்கும் வருடங்களில் தக்காளியும் போடுவார். வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு என் கல்லாவை நிரப்புகிறது, வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சி அண்ணன் நிலத்தை அழிக்கிறது. இரண்டையும் ஒரே குடும்பத்தில் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

இப்போது எழுத வைத்தது இதுதான். என் கடைக்கு வழக்கமாக வரும் ஒருவர் தென்கிழக்கு ஆசியாவில் விடுமுறை கழித்துவிட்டு வந்தார். மொட்டை மாடித் தோட்டத்தில் ஆசை உள்ளவர். மஞ்சளும் பச்சையுமாக இலை விடும் அழகு மரவள்ளி ஒன்றை அங்கே பார்த்து, குச்சிகளை ஈரத் துணியில் சுற்றித் துணிப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்திருக்கிறார். தளிர் விட்டதும் போனில் எனக்குப் படம் காட்டினார். விமான நிலையத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லையா என்றேன். "எதுக்குக் கேக்கணும்? தங்கமா கொண்டு வந்தேன்?" என்றார். குச்சியோடு பூச்சியும் வரலாம் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. அன்றைக்கே பிடுங்கி எரித்துவிட்டார். "ஒரு போர்டு வெச்சிருந்தாக்கூட அங்கேயே போட்டுட்டு வந்திருப்பேனே" என்று அவர் சொன்னதை நான் நம்புகிறேன். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்று ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அவர்கள் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டினார்கள். அந்த இன்னோர் அலுவலகத்தில் கிடைத்த பதில், "செடியில பூச்சி தெரிஞ்சா சொல்லுங்க." பூச்சி கண்ணுக்குத் தெரிந்த பிறகு சொல்வதற்கு என்ன மிச்சம் இருக்கும்? அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

மரவள்ளிக் குச்சி என்றதும் நான் ஏன் பதறினேன் என்று சொல்கிறேன். 2020 ஏப்ரலில் கேரளத்தின் திருச்சூரில் ஒரு புது மாவுப்பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். பினாக்கோக்கஸ் மானிஹோட்டி என்று பெயர், மரவள்ளியையே தின்று வாழ்வது. அதன் பிறகு சேலம், நாமக்கல், தர்மபுரி என்று எங்கள் பக்கம் முழுக்கப் பரவிவிட்டது. செடியின் நுனி கொத்தாகச் சுருண்டு நின்றுவிடும், கணுவுக்குக் கணு இடைவெளி இல்லாமல் குட்டையாகிவிடும், மேலே வெள்ளையாக மாவு அப்பியிருக்கும். கீழே கிழங்கு விரல் தடிமனுக்கு மேல் ஊறாது. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் மரவள்ளியை எடை போட்டு மட்டும் வாங்குவதில்லை, மாவுச்சத்து எத்தனை பாயின்ட் என்று பார்த்துத்தான் விலை சொல்வார்கள். பாயின்ட் குறைந்த கிழங்குக்கு வெட்டுக்கூலி, வண்டி வாடகை போக எதுவும் நிற்காது. அண்ணன் அந்த வருடம் பாதிக் காட்டை வெட்டாமலே உழுது போட்டார். அடுத்த நடவுக்கு நல்ல குச்சி கிடைக்காமல் ஊர் ஊராக அலைந்தார். மரவள்ளிக்கு விதை என்பதே குச்சிதான். குச்சியில் பூச்சி இருந்தால் அடுத்த வருடமும் போயிற்று.

இந்தப் பூச்சி அறிவியலுக்குப் புதியது இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து 1970-களில் ஆப்பிரிக்காவுக்குப் போய், கோடிக்கணக்கானவர்கள் சாப்பாட்டுக்கு நம்பியிருந்த மரவள்ளியை அடியோடு ஆட்டிய பூச்சி. அதைக் கட்டுப்படுத்தும் குளவியைப் பராகுவேயில் தேடிப் பிடித்து 1981-ல் நைஜீரியாவில் விட்டார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். 2008 வாக்கில் அதே பூச்சி தாய்லாந்துக்கு வந்தது, அங்கேயும் அதே குளவியை வைத்துத்தான் அடக்கினார்கள். ஆக நம் வாசலுக்கு வரும்போது அதன் பெயர், ஊர், அது பயணம் செய்யும் வழி, அதன் எதிரி எல்லாமே உலகத்துக்குத் தெரியும். அனகைரஸ் லோப்பெசி என்ற அந்தக் குளவி மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூருக்கு வந்து, இங்கே பெருக்கப்பட்டு, சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வெளியே விடப்பட்டது 2022 மார்ச்சில். இதைச் செய்தவர்கள் பெங்களூரு ஹெப்பாளில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்தின் விஞ்ஞானிகள், என் கடையிலிருந்து ஆட்டோவில் போய்விடக்கூடிய தூரம். அவர்களுக்கு எங்கள் ஊர் கடன்பட்டிருக்கிறது. ஆனால் 2020-க்கும் 2022-க்கும் நடுவில் போன விளைச்சலுக்கு யார் பதில் சொல்வது? பூச்சி எந்த வழியாக உள்ளே நுழைந்தது என்றுகூட இன்றுவரை எங்கள் விவசாயிகளிடம் யாரும் வந்து சொல்லவில்லை.

இது ஒன்று மட்டும் என்றால் விதி என்று விட்டிருப்பேன். 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி அது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரியில் ஏறியது. அங்கேதான் கொடுமை. பப்பாளிக்காவது மருந்து அடித்துப் பார்க்கலாம், மல்பெரி இலையில் மருந்து அடித்தால் அதைத் தின்னும் பட்டுப்புழு செத்துவிடும். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் தோட்டத்தையே பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு. இங்கே ராமநகரத்துப் பட்டுக்கூடு மார்க்கெட்டுக்குக் கூடு கொண்டு வரும் நம் ஊர்க்காரர்களிடம் அந்த நாட்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அதற்கான குளவிகள் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த பிறகுதான் மூச்சு விட்டார்கள். அதுவும் இரண்டு வருடம்.

தக்காளி ஊசிப்புழு 2006-ல் ஸ்பெயினுக்குள் நுழைந்து மத்திய தரைக்கடல் நாடுகளைச் சுற்றி வந்தது. தக்காளிப் பழத்தோடும் அது அடுக்கிய பெட்டிகளோடும் பயணம் செய்யும் புழு. 2014-ல் புனேயிலும், அதே காலத்தில் பெங்களூரைச் சுற்றிலும் கண்டுபிடித்தார்கள். எட்டு வருட அவகாசம் நமக்கு இருந்தது. இன்று ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டியில் காம்படியில் ஊசித் துளை போட்ட தக்காளியைத் தள்ளுபடி செய்து ஒதுக்குவது அன்றாட வேலையாகிவிட்டது. 2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. 2015-ல் பெங்களூருப் பப்பாளியில் முதலில் தென்பட்ட ஓர் இலைப்பேன், 2021-ல் ஆந்திரா, தெலங்கானா, கர்நாடக மிளகாயில் ஏறி விவசாயிகளைக் கண்ணீர் விட வைத்தது. இன்னும் பின்னால் போனால் 1990-ல் கூடலூர்க் காபியில் காய்த் துளைப்பான், 1961-ல் ஊட்டி உருளைக்கிழங்கில் நூற்புழு. அந்த நூற்புழு அறுபது ஆண்டுகள் தாண்டியும் நீலகிரி மண்ணை விட்டுப் போகவில்லை. ஒருமுறை உள்ளே வந்த பூச்சியை முழுதாக வெளியே அனுப்பியதாக எங்கள் அனுபவத்தில் ஒன்றுகூட இல்லை. அடக்கி வைக்கலாம், அவ்வளவுதான்.

பறந்து வரும் அந்துப்பூச்சியை எல்லையில் நிறுத்த முடியாது என்று எனக்குத் தெரியும். காற்று கொண்டு வருவதற்கு உங்களை நான் கேட்க மாட்டேன். கையில் கொண்டு வருவதைத்தான் கேட்கிறேன்.

இனி என் வியாபாரப் பக்கத்துக்கு வருகிறேன். பெட்டியில் வரும் பழத்துக்கு விதி இல்லை என்று நான் சொல்லவில்லை. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை இருக்கிறது. எந்த நாட்டிலிருந்து எந்தப் பழம் வரலாம் என்பதற்கு அட்டவணை இருக்கிறது. பூச்சி அபாயத்தை ஆராய்ந்து அட்டவணையில் சேர்த்த பிறகுதான் ஒரு புதுப் பழம் உள்ளே வர முடியும். இங்கே இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும், ஏற்றுமதி செய்யும் நாடு தாவர நலச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், இன்ன இன்ன பூச்சி இல்லை என்று பெயர் சொல்லி அதில் உறுதி தர வேண்டும். துறைமுகத்தில் பெட்டியைப் பிரித்துப் பழத்தை வெட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் உணவுப் பாதுகாப்புத் துறையின் சாம்பிள் தனி. 2021 மார்ச்சிலிருந்து ஆப்பிள், தக்காளி, பப்பாளி உட்பட 24 பயிர்களுக்கு மரபணு மாற்றம் செய்யாதது என்ற சான்றும் சேர்ந்துகொண்டது. எங்கள் ஆட்கள் இதையெல்லாம் குறை சொல்வார்கள், கன்டெய்னர் நிற்கும் ஒவ்வொரு நாளும் மின்சாரக் கட்டணமும் வாடகையும் ஏறுகிறது, பழத்தின் ஆயுள் குறைகிறது என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மை. இருந்தாலும் இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

2017-ல் சீன ஆப்பிளையும் பேரிக்காயையும் பூச்சி காரணமாக நிறுத்தினீர்கள். மலிவு ஆப்பிள் அதுதான், சின்ன கடைகளுக்கு அடி. 2021 டிசம்பரில் ஈரான் கிவியை நிறுத்தினீர்கள். சரக்கில் திரும்பத் திரும்ப உயிருள்ள பூச்சி வந்ததால் எடுத்த முடிவு. கிவி விலை ஏறியது, வாடிக்கையாளர்கள் என்னிடம் சண்டை போட்டார்கள், என் விற்பனை படுத்தது. ஆனாலும் அந்த இரண்டு முடிவும் சரி என்றே கடையில் நின்று சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

அதனால்தான் இன்னொரு பக்கம் இருக்கும் ஓட்டை என்னை இவ்வளவு உறுத்துகிறது. மத்திய தரைக்கடல் பழ ஈ என்று ஒன்று இருக்கிறது. இந்தியாவில் இன்னும் காலூன்றவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட பழங்களிலும் காய்களிலும் முட்டையிடக் கூடியது, கொய்யா, மா, ஆரஞ்சு, மிளகாய் எதையும் விடாது. எகிப்து, தென்னாப்பிரிக்கா, ஸ்பெயின் போன்ற இடங்களில் இருக்கிறது. அதற்குப் பயந்துதான் அந்த நாடுகளின் பழத்துக்குப் பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரில் பல நாள் வைத்தால்தான் வரலாம் என்பது போன்ற நிபந்தனைகளை வைத்திருக்கிறீர்கள். நல்லது. ஆனால் அதே ஆணையில், சொந்த உபயோகத்துக்கு என்றால் இரண்டு கிலோவுக்குக் குறைவான பழம், காய், பூ ஆகியவற்றை அனுமதியோ சான்றிதழோ இல்லாமல் விடலாம் என்றும் இருக்கிறது. அந்த ஈக்கு இரண்டு கிலோ போதாதா? குளிரில் வைத்துப் புழுவைக் கொன்று, சான்றிதழ் ஒட்டி, வெட்டிப் பார்த்து ஒரு கன்டெய்னரை விடுகிறீர்கள். அதே ஊரிலிருந்து, யாரோ வீட்டு மரத்தில் பறித்த கொய்யா, எந்தக் குளிரும் படாமல், பயணியின் பையில் உட்கார்ந்து வீட்டுக்கு வருகிறது. அழுகினதைத் தோட்டத்தில்தான் எறிவார்கள்.

நடவுக்குக் கொண்டு வரும் குச்சிக்கும் செடிக்கும் அந்த இரண்டு கிலோ சலுகையும் கிடையாது, அனுமதி வேண்டும், மண்ணோடு வரவே கூடாது என்றெல்லாம் சட்டத்தில் இருக்கிறது. பயணிகளுக்குத் தெரிய வேண்டாமா? சுங்கப் படிவத்தில் விதை, செடி, பழம், பூ என்று ஒரு வரி இருக்கிறது, உண்மைதான். ஆனால் வரி கட்ட வேண்டியதோ தடை செய்ததோ தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்தவர் மட்டும் நிரப்பும் படிவம் அது. குச்சி தடை என்றே தெரியாதவர் அந்தப் படிவத்தை எதற்கு எடுக்கப் போகிறார்? சுங்கத்தில் சொல்ல எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் நேராக வெளியே நடந்துவிடுவார்.

என் கடைக்கு வரும் ஐடி பிள்ளைகள் சிட்னிக்கும் ஆக்லாந்துக்கும் போய் வருகிறவர்கள். விமானம் இறங்கும் முன்னேயே கையில் இருக்கும் வாழைப்பழத்தைத் தின்று முடித்துவிடுவோம் என்பார்கள். நியூசிலாந்தில் சொல்லாமல் ஒரு ஆப்பிள் கொண்டு போனால் அங்கேயே 400 டாலர் அபராதம். அமெரிக்காவில் 1984-லிருந்தே பீகிள் நாய்கள் பெட்டிகளை மோந்து பார்க்கின்றன. அதே பிள்ளைகள் ஊர் திரும்பும்போது பையில் என்ன இருக்கிறது என்று யோசிப்பதே இல்லை. அங்கே கேட்டார்கள், யோசித்தார்கள். இங்கே கேட்பதில்லை.

தபாலிலும் கூரியரிலும் வருவது இன்னொரு வழி. 2020 ஆகஸ்டில், யாரும் கேட்காமலே தபாலில் வந்த மர்ம விதைப் பொட்டலங்கள் பற்றி உங்கள் அமைச்சகமே மாநிலங்களை எச்சரித்தது. அப்போது இருந்த சுறுசுறுப்பு எங்கே போயிற்று? வெளிநாட்டு விதையும் அபூர்வச் செடித் துண்டும் வேண்டுமா என்று சமூக வலைத்தளக் குழுக்களில் வெளிப்படையாக விலை பேசுகிறார்கள். பெங்களூரு மாடித் தோட்டக்காரர்கள் எவரைக் கேட்டாலும் காட்டுவார்கள். வாங்குகிறவர்கள் கெட்டவர்கள் கிடையாது, செடி மேல் உயிரை வைத்திருப்பவர்கள். முறையாக வாங்க எளிய வழி ஒன்று இருந்தால் பாதிப் பேராவது அந்த வழியில் வருவார்கள் என்பது என் கணிப்பு.

ஆள் இல்லை, வசதி இல்லை என்று சொல்வீர்களானால், ஒன்றை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2015 செப்டம்பரில் ஆப்பிள் இறக்குமதியை மும்பை நவசேவா துறைமுகம் ஒன்றுக்கு மட்டும் என்று அரசு சுருக்கியது. சென்னையில் இறங்கி ரோட்டில் எங்களுக்கு வந்துகொண்டிருந்த ஆப்பிள் மும்பையிலிருந்து சுற்றி வந்தது. 2016 ஜனவரியில்தான் சென்னை, கொச்சி, கொல்கத்தா எல்லாம் மறுபடி திறந்தன. 2023 மே மாதத்தில், கிலோ 50 ரூபாய்க்குக் கீழே ஆப்பிள் உள்ளே வரக் கூடாது என்று ஒரே அறிவிப்பில் கொண்டு வந்தீர்கள். அரசு நினைத்தால் ஒரு நாளில் கதவைச் சாத்துகிறது, விலைக்காக. உள்நாட்டு ஆப்பிள் விவசாயிக்காகச் செய்தது, அதை நான் எதிர்க்கவில்லை. விலைக்குக் காட்டிய வேகத்தைப் பூச்சிக்கும் காட்டுங்கள் என்கிறேன். மரவள்ளி விவசாயியும் விவசாயிதான்.

மற்ற நாடுகள் நம்மிடம் எப்படி நடந்துகொள்கின்றன என்றும் பாருங்கள். 2013-ல் நம் காய்கனிச் சரக்கில் 207 முறை பழ ஈ போன்ற பூச்சிகளைப் பிடித்தோம் என்று சொல்லி, ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே முதல் தேதியிலிருந்து நம் மாம்பழத்தையும் பாகற்காய், புடலங்காய், கத்தரிக்காய், சேம்பு ஆகியவற்றையும் நிறுத்தியது. மாம்பழத்துக்கு 2015-ல்தான் கதவு திறந்தது. அமெரிக்காவுக்கு நம் மாம்பழம் 2007-லிருந்து போகிறது, கதிர்வீச்சு கொடுத்த பிறகு மட்டும். அவர்களுடைய ஆய்வாளர் இங்கே வந்து நின்று பார்க்க வேண்டும், அந்தச் செலவும் நம் பக்கத்துத் தலையில். கொரோனாவில் அந்த ஆய்வாளர்கள் வர முடியாமல் போனதும் ஏற்றுமதியே நின்று, 2022-ல்தான் மறுபடி தொடங்கியது. பெங்களூருக்குப் பக்கத்தில் மாலூரில் அப்படி ஒரு கதிர்வீச்சு நிலையம் இருக்கிறது. அவர்கள் நாட்டு விவசாயியை அவர்கள் காப்பாற்றுகிறார்கள், அதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. நம் விவசாயிக்கும் அந்த அளவு காவல் வேண்டும் என்று கேட்பது எப்படித் தவறாகும்?

தவறு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வர்த்தகப் பேச்சுவார்த்தை வரும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் நம் தாவரத் தனிமைப்படுத்தல் விதிகளை வியாபாரத் தடை என்று பட்டியல் போடுகிறது, தளர்த்தச் சொல்கிறது. பருப்பு வகைகளுக்கு ஏற்றும் இடத்திலேயே பூச்சியைக் கொல்லப் புகையூட்ட வேண்டும் என்ற விதியை வருடக்கணக்கில் தளர்த்தித் தளர்த்தி, இங்கே வந்த பிறகு செய்தால் போதும் என்று விட்டது நமக்குத் தெரிந்த கதைதான். என்னைப் போன்ற வியாபாரிகளின் சங்கங்களும் தளர்த்தச் சொல்லி உங்களிடம் மனு கொடுத்திருக்கும். அந்த மனுக்களை எடைபோடும்போது இந்த மடலையும் பக்கத்தில் வையுங்கள். வெளிநாட்டுப் பழம் விற்றுப் பிழைக்கும் எல்லோரும் தளர்வு கேட்கவில்லை.

இவ்வளவுக்கும் அடியில் இருக்கும் சட்டம் 1914-ல் வெள்ளைக்காரன் போட்டது, அழிவுதரும் பூச்சிகள் மற்றும் கொள்ளைப் பூச்சிகள் சட்டம். கப்பலில் சரக்கு வந்த காலத்துக்கு எழுதியது. அதற்குப் பதிலாக வேளாண் உயிர்ப் பாதுகாப்பு மசோதாவை 2013-ல் மக்களவையில் வைத்தார்கள். அந்த மக்களவை முடிந்ததும் மசோதாவும் காலாவதியானது. அதற்குப் பிறகு வந்த பூச்சிகளும் மேலே எழுதிய பட்டியலில் இருக்கின்றன.

நான் கேட்பவை இவை.

வெளிநாட்டு விமானம் இறங்கும் ஒவ்வொரு நிலையத்திலும், பெட்டி எடுக்கும் பட்டைக்குப் போகும் முன்பே, பழம், காய், விதை, குச்சி, செடி எதுவும் இருந்தால் சொல்லுங்கள் அல்லது இங்கே போட்டுவிடுங்கள் என்று பெரிதாகப் பலகையும் மூடிய தொட்டியும் வையுங்கள். பலகையில் படம் இருக்கட்டும், அந்தந்த ஊர் மொழி இருக்கட்டும். பெங்களூரில் என்றால் கன்னடமும் தமிழும் தெலுங்கும் வேண்டும். விமானத்துக்குள்ளேயே அறிவிப்பு செய்ய விமான நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துங்கள். தானாக முன்வந்து கொடுப்பவருக்கு அபராதமோ அவமானமோ இருக்கக் கூடாது. மறைப்பவருக்கு மட்டும் அங்கேயே அபராதம்.

இரண்டு கிலோ சலுகையைத் திரும்பப் பாருங்கள். மத்திய தரைக்கடல் பழ ஈ உள்ள நாடுகளிலிருந்து அது முட்டையிடக் கூடிய பழங்களுக்கு அந்தச் சலுகையே வேண்டாம். மற்றவற்றுக்கும் ஓர் அதிகாரி கண்ணால் பார்த்த பிறகுதான் விட வேண்டும். மோப்ப நாய்களைக் கொண்டு வாருங்கள்.

இணையத்தில் வெளிநாட்டு விதை, குச்சி விற்கும் பக்கங்களைக் கண்காணிக்கத் தனி ஆள் போடுங்கள். கூடவே, ஆசைக்கு ஒன்றிரண்டு செடி வளர்க்கும் சாதாரண மனிதர் குறைந்த கட்டணத்தில் முறையாக அனுமதி வாங்கவும், வந்த செடியைக் குறிப்பிட்ட காலம் பொதுவான தனிமைக் கூடத்தில் வைத்துக் கண்காணித்த பிறகு எடுத்துப் போகவும் ஏற்பாடு செய்யுங்கள். பெங்களூரில் தொடங்கலாம், அதற்கான விஞ்ஞானிகள் இங்கேயே இருக்கிறார்கள்.

சந்தேகம் வந்தால் சொல்ல நாடு முழுவதற்கும் ஒரே தொலைபேசி எண் வேண்டும். நாம் தமிழில் பேசினால் எடுப்பவர் தமிழில் கேட்டுக்கொள்ள வேண்டும், இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டக் கூடாது.

எந்த நாட்டிலிருந்து, எந்தப் பழத்தில், எந்தப் பூச்சி பிடிபட்டது, சரக்கை என்ன செய்தீர்கள் என்பதை மாதா மாதம் வெளியிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் அப்படி வெளியிடுகிறது. நம் மாம்பழத்தில் என்ன பிடித்தார்கள் என்று அதைப் பார்த்து நாமே தெரிந்துகொள்கிறோம். அட்டவணையில் புதுப் பழத்தைச் சேர்க்கும் முன்பும் விதியைத் தளர்த்தும் முன்பும், பூச்சி அபாய ஆய்வைப் பொதுவில் வைத்து அந்தப் பயிர் விளையும் மாவட்டத்து விவசாயிகளிடம் கருத்துக் கேளுங்கள். வர்த்தக ஒப்பந்தத்துக்காக இந்த விதிகளை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பக்கத்து நாடுகள் வரை வந்துவிட்ட, இங்கே இன்னும் வராத பூச்சிகளுக்கு எதிரிக் குளவிகளை எங்கிருந்து எடுப்பது, அனுமதி யார் தருவது என்பதை முன்கூட்டியே முடித்து வையுங்கள். அடுத்த முறை இரண்டு வருடம் ஆகக் கூடாது. புதுப் பூச்சி என்று அறிவித்த மாவட்டத்தில் அந்தப் பருவத்துக்கே இழப்பீடும், சுத்தமான நடவுப் பொருளும் கிடைக்க ஒரு நிதியை ஒதுக்குங்கள்.

காலாவதியான மசோதாவைத் திருத்தி மறுபடி நாடாளுமன்றத்தில் வையுங்கள். அதில் பயணி கொண்டு வருவதும் கூரியரில் வருவதும் தெளிவாக இருக்க வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று எழுத்தில் பதில் வேண்டும். அடுத்த மரவள்ளி நடவு தொடங்குவதற்கு முன்பே அந்தப் பதிலை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பெங்களூரு அல்சூர்ப் பழ வியாபாரி ஒருவர்